சோளக்காட்டு யூனிக்ஸ்

நான் வேலை பார்ப்பது அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், டி மாய்ன் நகரத்தில். இன்சூரன்ஸ் கம்பெனிகளின் ஊர். ஊரைத் தாண்டி இருபது நிமிடம் வண்டி ஓட்டினால் இரண்டு பக்கமும் மக்காச்சோளம்தான். அங்கே கோடையில் சனிக்கிழமைகளில் பண்ணை ஏலம் நடக்கும். ஒரு குடும்பம் விவசாயத்தை விட்டு வெளியேறும்போது டிராக்டரிலிருந்து தேநீர்க் கோப்பை வரை எல்லாவற்றையும் புல்வெளியில் பரப்பிவிடுவார்கள். வேடிக்கை பார்க்கப் போன ஒரு ஏலத்தில் நாற்பது டாலருக்கு ஒரு அட்டைப்பெட்டி வாங்கி வந்தேன். உள்ளே ஒரு வெள்ளை விசைப்பலகைக் கணினி, ஒரு ஃப்ளாப்பி டிரைவ், கையால் லேபிள் எழுதிய முப்பது ஃப்ளாப்பிகள், இரண்டு தடித்த கையேடுகள்.

கணினியின் பெயர் டாண்டி கலர் கம்ப்யூட்டர் 3. ரேடியோ ஷாக் கடைகளில் 1986இல் விற்பனைக்கு வந்தது, விலை சுமார் 220 டாலர். அதன் ரசிகர்கள் செல்லமாக 'கோகோ' என்பார்கள். டிவியில் மாட்டி விளையாடும் சாமான் என்றுதான் நானும் நினைத்தேன். கையேட்டின் அட்டையைத் திருப்பிப் பார்த்ததும்தான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஓஎஸ்-9 லெவல் டூ. பல பணிகளை ஒரே நேரத்தில் செய்யும், பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் இயங்குதளம். அடைவுகளுக்குள் அடைவுகள், குழாய்கள், ஷெல், பின்னணியில் ஓடவைக்கும் '&' குறி எல்லாம் உண்டு. தயாரிப்பு: மைக்ரோவேர், டி மாய்ன், அயோவா.

ஆறு வருடமாக இதே ஊரில்தான் குடியிருக்கிறேன். இப்படி ஒன்று இங்கே பிறந்தது என்று ஒருவரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் ஒரு பொறியியல் கல்லூரியில் 'ஆபரேட்டிங் சிஸ்டம்ஸ்' பாடத்தில் நல்ல மதிப்பெண் வாங்கியவன் நான். கான்டெக்ஸ்ட் ஸ்விட்ச் என்றால் என்ன, ரீ-என்ட்ரன்ட் கோட் என்றால் என்ன, இரண்டையும் பதினாறு மதிப்பெண்ணுக்கு எழுதியிருக்கிறேன். ரெக்கார்டு நோட்டில் படம்கூட வரைந்தேன். எதுவும் விளங்கியதில்லை. பிறகு வேலைக்கு வந்து பதினான்கு வருடம் அந்த விளங்காமையின் மேலேயே கட்டடம் கட்டிக்கொண்டிருக்கிறேன். பெட்டியை வாங்கிய அதே வாரம்தான் அலுவலகத்தில், ஒரு சின்ன சேவைக்கு நான்கு ஜிகாபைட் நினைவகம் வேண்டுமென்று வாதாடி ஜெயித்திருந்தேன். அந்த கோகோவின் மொத்த நினைவகம் 512 கிலோபைட். அதுவும் கடையில் வாங்கும்போது 128 தான். பழைய உரிமையாளர் பிறகு கூடுதல் பலகை மாட்டியிருக்கிறார்.

கோகோவின் கதையே வயலில் ஆரம்பிப்பதுதான். 1970களின் இறுதியில் கென்டக்கி மாநிலத்தில் 'கிரீன் தம்ப்' என்று ஒரு அரசுத் திட்டம் இருந்தது. விவசாயி வீட்டு டிவியையும் தொலைபேசியையும் ஒரு சிறு பெட்டியால் இணைத்து, வானிலையையும் தானிய விலையையும் திரையில் காட்டுவது அதன் நோக்கம். மோட்டோரோலா சில்லுகளை வைத்து அந்தப் பெட்டி உருவானது. அந்த வடிவமைப்பின் வழியில்தான் 1980இல் முதல் கலர் கம்ப்யூட்டர் வந்தது: 4 கிலோபைட் நினைவகம், 399 டாலர். உள்ளே இருந்த மூளை மோட்டோரோலா 6809.

இந்த 6809ஐப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அது இல்லாவிட்டால் ஓஎஸ்-9 இல்லை. அக்காலத்து வீட்டுக் கணினிகளில் பெரும்பாலும் 6502 அல்லது இசட்80 சில்லுதான் இருந்தது. 6809ஐ வடிவமைத்த டெர்ரி ரிட்டரும் ஜோயல் போனியும் வேறொரு கேள்வியிலிருந்து தொடங்கினார்கள். இனிமேல் மென்பொருள்தான் செலவு, சில்லு அல்ல. அப்படியானால் மென்பொருள் எழுதுகிறவனுக்கு எது வசதி? 1979இல் 'பைட்' பத்திரிகையில் மூன்று பகுதிகளாக இதை விளக்கி எழுதினார்கள்.

அவர்கள் தந்த முக்கியமான வசதி, முகவரியை 'இங்கிருந்து இத்தனை தூரம்' என்று சொல்ல முடிவது. நம் ஊரில் வழி கேட்டால் '14ஆம் எண் வீடு' என்றும் சொல்லலாம், 'இங்கேர்ந்து நாலு வீடு தள்ளி' என்றும் சொல்லலாம். முதலாவது, தெருவே இடம் மாறினால் பொய்யாகிவிடும். இரண்டாவது, தெருவைத் தூக்கி வேறு ஊரில் வைத்தாலும் பொருந்தும். 6809இல் ஒரு நிரலை முழுக்க இரண்டாவது விதத்தில் எழுதலாம். நினைவகத்தில் எங்கே காலியிடம் இருக்கிறதோ அங்கே இறக்கி, ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல் ஓடவிடலாம். கூடவே இரண்டு அடுக்குச் சுட்டிகள். அதனால் நிரல் தன் மாறிகளை அடுக்கிலேயே வைத்துக்கொள்ளலாம், தனக்கென்று நிலையான இடம் பிடிக்க வேண்டாம். ஒரே சமையல் குறிப்பைச் சுவரில் ஒட்டிவைத்து இரண்டு பேர் இரண்டு அடுப்பில் சமைப்பது போல. குறிப்பு ஒன்றுதான், பாத்திரங்கள் வேறு வேறு. நான் பதினாறு மதிப்பெண்ணுக்கு எழுதிய ரீ-என்ட்ரன்ட் கோட் இதுதான். சுவரில் ஒட்டிய காகிதத்தில் யாரும் கிறுக்கக்கூடாது, அவ்வளவுதான் நிபந்தனை.

இந்தச் சில்லுக்கு நல்லதொரு பேசிக் மொழி வேண்டுமென்று மோட்டோரோலா விரும்பியது. கென் கப்லான் 1977இல் தொடங்கிய மைக்ரோவேருக்கு அந்த வேலை போனது. பேசிக்09 என்ற மொழி உருவானது. அது ஓடுவதற்கு ஒரு தளம் வேண்டுமே என்று உருவானதுதான் ஓஎஸ்-9. அவர்கள் யூனிக்ஸைப் பார்த்திருந்தார்கள். ஆனால் யூனிக்ஸ் ஏடி அண்ட் டி நிறுவனத்தின் சொத்து. பல்கலைக்கழகங்களுக்குச் சலுகை விலையிலும் மற்றவர்களுக்குப் பல்லாயிரம் டாலர் விலையிலும் உரிமம் கிடைத்துவந்த காலம். அது ஓடிய பிடிபி-11 போன்ற கணினிகள் ஒரு பீரோ அளவு. ரேடியோ ஷாக்கே 1983இல் தன் விலையுயர்ந்த மாடல் 16க்கு ஸெனிக்ஸ் என்ற யூனிக்ஸைக் கொண்டுவந்தது, ஆனால் அதற்குச் சில ஆயிரம் டாலர் ஆகும். அதே 1983இல், அதே கடையின் விளையாட்டுச் சாமான் அலமாரியில், 64 கிலோபைட் கோகோவுக்கு ஓஎஸ்-9 லெவல் ஒன் வந்தது. வேல்ஸில் தயாரான டிராகன் 64 கணினிக்கும் வந்தது. லினக்ஸ் பிறக்க இன்னும் எட்டு வருடம் இருந்தது.

சரி, நிறுவிப் பார்ப்போம் என்று ஒரு வெள்ளிக்கிழமை இரவு உட்கார்ந்தேன். பச்சைத் திரையில் பேசிக்கின் 'ஓகே' வந்தது. 'டாஸ்' என்று தட்டினால் பேசிக் விலகிக்கொண்டு ஃப்ளாப்பியிலிருந்து ஓஎஸ்-9 எழும். டிரைவ் கரகரவென்று சத்தம் போட்டது. தேதி கேட்டது. ஆண்டுக்கு இரண்டு இலக்கம்தான் இடம். 87 என்று கொடுத்தேன், அதற்குப் பழக்கமான வருடமாக இருக்கட்டும் என்று.

கையேடு சொல்லும் முதல் வேலை, மூல ஃப்ளாப்பியை நகலெடுத்து அதை வைத்துத் தனக்கான துவக்க வட்டை உருவாக்குவது. என்னிடம் ஒரே டிரைவ். ஒரு பக்கத்துக்கு 35 தடம், தடத்துக்கு 18 பகுதி, பகுதிக்கு 256 பைட். கூட்டினால் சுமார் 157 கிலோபைட். மூலத்தைப் போடு, கொஞ்சம் படிக்கட்டும், எடு. புதியதைப் போடு, எழுதட்டும், எடு. மறுபடி மூலம். மாவாட்டுகிற மாதிரிதான். பத்து நிமிடத்தில் கை தானாகப் பழகிவிட்டது.

நடுவில் ஒரு ஃப்ளாப்பியில் என்ன இருக்கிறது என்று பார்க்கலாமே என்று மாற்றிப்போட்டு 'டிர்' என்றேன். பிழை எண் 216. மறுபடி தட்டினேன். 216. எதைத் தட்டினாலும் 216. ஃப்ளாப்பி கெட்டுப்போய்விட்டது என்று முடிவு செய்து அரைமணி நேரம் டிரைவின் தலையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கையேட்டில் பார்த்தால் 216 என்றால் 'பாதை கிடைக்கவில்லை', அவ்வளவுதான். ஓஎஸ்-9இல் நடப்பு அடைவுகள் இரண்டு. ஒன்று தரவுக்கு, மற்றொன்று கட்டளைகளுக்கு. கட்டளைகள் இருந்த வட்டையே நான் வெளியே எடுத்துவிட்டு, 'டிர்' எங்கே என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். 'டிர்'ரும் ஒரு நிரல்தான். அதுவும் வட்டிலிருந்துதான் வர வேண்டும். முன்கூட்டியே 'லோட்' செய்து நினைவகத்தில் வைத்திருந்தால் வட்டு மாறினாலும் ஓடியிருக்கும்.

அப்படி நினைவகத்தில் உட்காரும் ஒவ்வொன்றுக்கும் ஓஎஸ்-9 வைத்த பெயர் மாட்யூல். கெர்னல் ஒரு மாட்யூல், கடிகாரம் ஒரு மாட்யூல், ஃப்ளாப்பி ஓட்டி ஒரு மாட்யூல், 'டிர்' ஒரு மாட்யூல். தொடக்கத்தில் அடையாளமாக இரண்டு பைட், பிறகு அளவு, பெயர், வகை, பதிப்பெண். கடைசியில் சரிபார்ப்புக்கு மூன்று பைட். ஒரே பெயரில் இரண்டு இருந்தால் பதிப்பெண் பெரியதே ஜெயிக்கும். எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று எண்ணிக்கை வைத்துக்கொண்டு, அது பூஜ்யமானதும் இடத்தைக் காலி செய்யும். புதிய பணியைத் தொடங்கும் விதத்திலும் யூனிக்ஸிலிருந்து விலகியது. யூனிக்ஸின் ஃபோர்க், ஓடும் நிரலை அப்படியே இரட்டிப்பாக்கும். பிறகுதான் அது வேறு நிரலாக மாறும். இவ்வளவு சின்ன வீட்டில் இரட்டிப்பாக்க இடமேது? ஓஎஸ்-9இன் ஃபோர்க், மாட்யூலின் பெயரைக் கேட்டு நேரடியாக அதையே பணியாக்கிவிடும். நகலெடுத்தவர்கள் அல்ல, யோசித்துத் தைத்தவர்கள்.

பணிகளுக்கு இடையே முறை மாற்றுவதை ஒரு ஞாயிறு மதியம் முழுக்கத் தாளில் போட்டுப் பார்த்தேன். டிவிக்குப் படம் அனுப்பும் சைகை நொடிக்கு அறுபது முறை வரும். அதையே கடிகாரத் துடிப்பாக வைத்துக்கொள்கிறது. துடிப்பு வந்ததும் 6809 தன் பதிவகங்களை எல்லாம், மொத்தம் பன்னிரண்டு பைட், அடுக்கில் தானாகவே வைத்துவிடும். முறை முடிந்திருந்தால் கெர்னல் வேறொரு பணியின் அடுக்கைச் சுட்டிக்காட்டி 'திரும்பு' என்கிறது. சில்லு அந்த அடுக்கிலிருந்து பன்னிரண்டு பைட்டை எடுத்துக்கொண்டு, வேறொரு ஆளாக எழுந்து போகிறது. லெவல் டூவில் நினைவக வரைபடத்தையும் கூடவே மாற்ற வேண்டும். 512 கிலோபைட் என்பது 8 கிலோபைட் துண்டுகள் 64. ஒவ்வொரு பணியும் எட்டுத் துண்டுகளை மட்டும் தன் உலகமாகப் பார்க்கும்.

அடுத்து யார் என்பதற்கு ஒரு விதி உண்டு. வரிசையில் காத்திருக்கும் ஒவ்வொரு பணிக்கும் வயது ஏறும்; அதிக வயதுள்ளவருக்கு முறை. முக்கியமானவர்கள் பெரிய வயதோடு வரிசையில் சேருவார்கள். ஆனால் எளியவருக்கும் நின்றுகொண்டிருந்தால் வயது ஏறி ஒருநாள் கதவு திறக்கும். ரேஷன் கடை வரிசையில் இப்படி ஒரு விதி இருந்திருந்தால் என் பாட்டியின் பாதி மாலைகள் மிஞ்சியிருக்கும்.

குறைகளையும் சொல்ல வேண்டும். ஃப்ளாப்பி ஓட்டியை மலிவாகச் செய்ய, வட்டைப் படிக்கும்போது சில்லையே பிடித்து நிறுத்திவைக்கும் வழியைத் தேர்ந்திருந்தார்கள். எத்தனை பணி ஓடினாலும் அந்த நேரத்தில் எல்லாம் ஸ்தம்பிக்கும். நான் தட்டிய எழுத்துகள் பாதி காணாமல் போயின. இதற்காகவே 'நோ-ஹால்ட்' கட்டுப்படுத்திகளைத் தனியார் தயாரித்து விற்றார்கள். விரிவாக்கப் பொருள்களுக்கு ஆன செலவு கணினியின் விலையைத் தாண்டியது. அந்தக் காசுக்கு ஐபிஎம் வகைக் கணினி கிடைத்தது, டாண்டியே அதையும் விற்றது. 1990இல் கோகோவை நிறுத்திவிட்டார்கள். ஓஎஸ்-9 தொழிற்சாலைகளுக்கும், பிலிப்ஸின் சிடி-ஐ கருவிக்கும் போய்ச் சேர்ந்தது. 1999இல் ஆப்பிள் தன் மேக் ஓஎஸ் 9ஐ வெளியிட்டபோது பெயருக்காக மைக்ரோவேர் வழக்குப் போட்டுத் தோற்றது. 2001இல் கம்பெனியே கைமாறியது. அந்தப் பெயரைக் கேட்டால் இன்று பத்தில் ஒன்பது பேருக்கு ஆப்பிள்தான் நினைவுக்கு வரும்.

ஏன் தோற்றது என்பதற்கு விலை, சந்தை என்று பதில் சொல்லலாம். எனக்கு வேறொரு பதில்தான் முக்கியமாகப் படுகிறது. 1987இல் ஆண்ட்ரூ டானன்பாம் தன் பாடப்புத்தகத்தோடு மினிக்ஸை வெளியிட்டார். அது ஓஎஸ்-9ஐவிட வேகமானது என்று சொல்ல முடியாது. ஆனால் அதன் மூல நிரல் புத்தகத்திலேயே அச்சாகியிருந்தது. ஒரு ஃபின்லாந்து மாணவன் அதைப் படித்துவிட்டுத் தனக்கென்று ஒன்று எழுத ஆரம்பித்தான். மைக்ரோவேர் மூல நிரலைப் பூட்டிவைத்தது. படித்துப் பார்க்க முடியாத ஒன்றிலிருந்து அடுத்த தலைமுறை எதையும் கற்றுக்கொள்ள வழியில்லை.

அப்படியும் அது சாகவில்லை. காரணம் அந்த மாட்யூல்கள். மூல நிரல் இல்லாமலேயே ஒரு மாட்யூலை மட்டும் கழற்றி, எந்திர எண்களிலிருந்து பின்னோக்கிப் படித்து, மேம்படுத்தி, பதிப்பெண்ணைக் கூட்டித் திரும்ப வைத்துவிடலாம். மற்றவை கண்டுகொள்ளாது. ஹிட்டாச்சி தயாரித்த 6309 என்ற சில்லு 6809க்குப் பதிலாக அப்படியே பொருந்தும். அதில் ஹிட்டாச்சியின் கையேடு சொல்லாத கூடுதல் பதிவகங்களும் கட்டளைகளும் இருப்பதை ஹிரோட்சுகு ககுகாவா 1992இல் யூஸ்நெட்டில் எழுதினார். உடனே கோகோ ஆர்வலர்கள் சிலர் ஓஎஸ்-9ஐ மாட்யூல் மாட்யூலாக அந்தச் சில்லுக்கு மாற்றி எழுதினார்கள். அதன் பெயர் நைட்ரோஸ்-9. இன்றைக்கும் புதிய பதிப்புகள் வருகின்றன. ஆண்டுதோறும் சிகாகோ பக்கத்தில் கூடுகிறார்கள். அந்த விழாவின் பெயரே 'கடைசி ஆண்டு விழா'. ஒவ்வொரு வருடமும் கடைசி.

இதற்குள் எனக்குத் துவக்க வட்டு தயாராகியிருந்தது. அதை எழுதப் புது ஃப்ளாப்பி கிடைக்காததால், பெட்டியிலிருந்த ஒன்றை அழித்துவிடலாம் என்று எடுத்தேன். லேபிளில் 'எண் 7' என்று மட்டும் இருந்தது. அழிப்பதற்கு முன், சும்மா, 'டிர்' போட்டேன். பேசிக்09 நிரல்கள். கூடவே ஒரு தரவுக் கோப்பு.

இங்கே அயோவாவின் வரலாறு குறுக்கே வருகிறது. 1981இல் இம்மாநிலத்தில் விளைநிலம் ஏக்கருக்குச் சராசரியாக 2147 டாலர் போனது. 1986இல் 787. நிலத்தை ஈடுவைத்துக் கடன் வாங்கியவர்கள் மூழ்கினார்கள். இன்றும் வயதானவர்கள் 'ஃபார்ம் கிரைசிஸ்' என்றால் குரலைத் தாழ்த்துகிறார்கள். நிரலை ஓடவிட்டேன். வட்டி விகிதம் கேட்டது. சோளம், பன்றி விலைகளை வருடவாரியாகப் போட்டு, எந்த நிலத்தை விற்றால் கடன் எத்தனை வருடத்தில் தீரும் என்று மூன்று விதமாகக் கணக்குப் போட்டுக் காட்டியது. சுத்தமான நிரல். ஒவ்வொரு வேலைக்கும் தனிச் செயல்முறை, ஒரு இடத்தில்கூட தாவிக் குதிக்கவில்லை. என் குழுவில் வேலைக்குச் சேர்ந்திருந்தால் அந்த மனுஷனின் நிரலை நான் ஒரு கேள்வியும் கேட்காமல் ஒப்புக்கொண்டிருப்பேன். துவக்கக் கோப்பில் இரண்டு சன்னல்கள் திறக்க ஏற்பாடு செய்திருந்தார். ஒன்றில் கணக்கு, மற்றொன்றில் நிரல் எழுதும் இடம். கணக்குப் போடும்போதே நிரலைத் திருத்தியிருக்கிறார்.

அந்த ஃப்ளாப்பியை அழிக்கவில்லை. நகலெடுத்து, கணக்கை மூன்று தாளில் அச்சிட்டேன். ஏலச்சீட்டிலிருந்த எண்ணுக்குக் கூப்பிட்டேன். எடுத்தவர் மகள், அறுபதை நெருங்கும் பெண்மணி. ஒரு காபிக் கடையில் சந்தித்தோம்.

"ராத்திரி ராத்திரியா கீழ் அறையில அது முன்னாடியே உட்கார்ந்திருப்பார். அம்மா திட்டுவாங்க. கேம் விளையாடுறார்னுதான் நாங்க நினைச்சோம்" என்றார்.

தாளை மேசையில் விரித்து ஒவ்வொரு வரியாக விரலை நகர்த்தினார். 1986க்கான வரியில் விரல் நின்றது.

"அந்த வருஷம்தான் ஓடைப்பக்கத்து நிலத்தை வித்தோம். ஏன் அதைன்னு எங்ககிட்ட அவர் சொன்னதே இல்லை."

மூன்றாவது தாளில் அதற்கான கணக்கு இருந்தது. காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். தாள்களை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

"அந்த மெஷின் இன்னும் ஓடுதா?"

"ஓடுதுங்க. நைட்ரோஸ் போட்டு வச்சிருக்கேன். அப்பாவோட நிரலும் அதுலயே ஓடுது."

"ஒருநாள் வந்து பார்க்கலாமா?"

அடுத்த சனிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன். அதற்குள் தேதி கேட்கும் இடத்தைச் சரிசெய்ய வேண்டும். இன்னமும் அது 87 என்றே நினைத்துக்கொண்டிருக்கிறது.